நீ கிழித்து ஒளித்த தேதி

"இன்னா டீச்சர், உன் போர்டுல தெனிக்கும் ஒருத்தர் செத்துக்கினே கீறாரு. யாருமே சாவாத நாளுன்னு ஒண்ணுகூடவா இல்ல?" என்று எங்கள் பள்ளி ஆயா கன்னியம்மா ஒரு நாள் காலையில் என்னைக் கேட்டார். உனக்கு அவரை நினைவிருக்கும். சைதாப்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து மயிலாப்பூரில் எங்கள் பள்ளியின் கேட்டைத் திறப்பவர். நான் அடுத்த பஸ்ஸில் போய், கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கரும்பலகையில் 'இந்த நாளில்' என்று தலைப்புப் போட்டு, அன்றைய தேதியில் பிறந்தவர்கள், மறைந்தவர்கள், நடந்த சம்பவங்கள் எல்லாவற்றையும் எழுதுவேன். சரித்திர டீச்சர் என்பதால் முதல் வருடமே அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஓய்வு பெறும் வரை வேறு யாரிடமும் அதை நான் கொடுக்கவில்லை.

கன்னியம்மா சும்மா கேட்டாரோ என்னவோ, எனக்கு அது பரீட்சைக் கேள்வி மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் நாள் நோட்டை எடுத்தேன். பழுப்பு அட்டை போட்ட, ஒரு தேதிக்கு ஒரு பக்கம் வைத்த அந்தத் தடித்த நோட்டைச் சொல்கிறேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். மறைவு என்ற பத்தி காலியாக இருக்கிற பக்கம் ஒன்றுகூட இல்லை. பிப்ரவரி இருபத்தொன்பதைக்கூடப் பார்த்தேன், அங்கேயும் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். மறுநாள் போய் அப்படியே சொன்னேன். "தோ பார்றா, இதுக்குப் போயி எங்க சனங்க கல்யாணத்துக்கு நாள் பாக்க அலையறாங்க" என்று சிரித்தார். பிறகு துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, "பொறந்தவங்கள மேல எழுது டீச்சர். புள்ளைங்க உள்ள வரசொல்லவே எதுக்குச் சாவு?" என்றார். அதுவரை மறைந்தவர்களைத்தான் நான் மேலே எழுதிக்கொண்டிருந்தேன், சிவப்பு சாக்பீஸில். அவர் சொன்ன அன்றே பலகையில் வரிசையை மாற்றினேன். வீட்டில் மாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படிக்கும்படி எழுதலாமா என்று உன்னிடம் கேட்டபோது, "தேதிய மட்டும் போடாதம்மா" என்றாய். போடவில்லை. படிக்கிறவர்களுக்கும் ஆளுக்கொரு தேதி இருக்கும், அவரவர் தேதியை வைத்துப் படித்துக்கொள்ளட்டும்.

போன மாதம் கே.கே. நகர் அறையிலிருந்து நீ போன் செய்தாய். நீ கட்டிக்கொள்ளப்போகும் மாரிச்செல்வியின் வீட்டார் தி. நகரில் பார்த்த மண்டபம் ஆவணியில் ஒரே ஒரு முகூர்த்தத்துக்குத்தான் கிடைக்கிறது என்றாய். எந்தத் தேதி என்று கேட்டேன். கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாய். உன் அப்பா போன தேதி. நான் பதில் சொல்வதற்குள், "அந்தத் தேதிய மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத் தேதியும் கேட்டுப் பாத்துட்டேன்மா. நான் வேணாம்னு சொல்லிடறேன். தை மாசம் வச்சுக்கலாம்" என்றாய். எதற்கப்பா, ஐயரிடம் கேட்கலாமே என்று நான் இழுத்தேன். "ஐயர் என்னம்மா சொல்றது. நீ அன்னைக்கு எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியும்" என்றாய். குரலில் கோபம் இல்லை. மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொள் என்பது போலச் சொன்னாய். போனை வைத்த பிறகு வெகுநேரம் நான் சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிரே குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே காலண்டர். ஒரு தேதித் தாளைக் கிழித்ததற்காக உன்னை அடித்தேனே, அதை நீ ஏன் கிழித்தாய் என்பது பதினாறு வருடம் கழித்து அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா போய் இரண்டு வருடம். காலையில் காப்பி குடித்துவிட்டு நேற்றைய தாளைக் கிழிப்பது என் பழக்கம். அன்று போய்ப் பார்த்தால் காலண்டர் சனிக்கிழமை என்று காட்டுகிறது. அன்றைய தாளான வெள்ளிக்கிழமையைக் காணோம். உன்னைக் கூப்பிட்டேன். "தாள் எங்கடா?" என்றேன். "கிழிஞ்சிடுச்சு." "தானா கிழிஞ்சுதா?" உன் ஜாமெட்ரி பாக்ஸில் நாலாக மடித்து வைத்திருந்ததைக் கண்டெடுத்தேன். "அப்பா தேதியக் கிழிக்க உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?" என்று கேட்டு அறைந்தேன். உன்னை நான் அடித்தது மொத்தம் மூன்று தடவைதான் இருக்கும், அதில் இதுதான் பலமானது. அழுதுகொண்டே நீ கேட்டாய், "ஒரு நாள் இல்லாம போனா என்னம்மா ஆயிடும்?" எதிர்த்துப் பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். சோற்றுப் பருக்கையை நசுக்கி அந்தத் தாளைத் திரும்ப அதன் இடத்தில் ஒட்டிவிட்டு, நடு அறையில் அப்பா படத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வருடமும் உட்காருவது போலத்தான். டிவி கிடையாது, ரசம் சோறு, வாசலில் யார் வந்தாலும் எழுந்து போவது கிடையாது.

நீ அன்று எனக்கு ஒரு உபகாரம் செய்யப் பார்த்திருக்கிறாய். அம்மா அந்தத் தேதியைப் பார்க்காவிட்டால் அந்த நாள் வராது, வராவிட்டால் அம்மா வழக்கம் போல இருப்பாள் என்று ஒரு கணக்கு. முப்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தியவள் நான். எந்தப் பிள்ளை வீட்டில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று கடைசி பெஞ்சு வரைக்கும் பார்த்துச் சொல்லிவிடுவேன். என் எதிரே நின்ற உன் முகம் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன் சிநேகிதன் சாதிக்கின் பிறந்த நாளும் அதே தேதி. அப்பா போன பிறகு நாலைந்து வருடம் ராயப்பேட்டையில் இருக்கும் அவன் வீட்டுக்கு உன்னை நான் அனுப்பவில்லை. ஒரு தடவை அவனே போன் செய்து, "ஆன்ட்டி, அவன அனுப்புங்க ஆன்ட்டி. கேக் வெட்டாம வெயிட் பண்றோம். எங்க அம்மி வேற சேமியா பண்ணி வச்சிருக்காங்க" என்றான். உனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவர்கள் வீட்டுச் சேமியாவை மறுநாள் டிபன் பாக்ஸில் கொண்டு வந்து பள்ளியில் உனக்குக் கொடுத்தானாம். அந்த டிபன் பாக்ஸ் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று நான் கேட்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேறு எந்த வீட்டிலும் இந்தச் சிக்கல் வந்திருக்காது. நம் வழக்கத்தில் இறந்தவர்களுக்குத் தேதி கிடையாது, திதிதான். அதுவும் ஒரே இடத்தில் நிற்காது. ஒரு வருடம் பத்து நாள் முன்னே வரும், ஒரு வருடம் பின்னே போகும். வகுப்பில் இதை நானே விதவிதமாகச் சொல்லியிருக்கிறேன். கோயிலில் நாயன்மார்களுக்குக் குருபூஜை நட்சத்திரம் பார்த்து நடக்கும், ஆகையால் அவர்கள் காலண்டரில் நடந்துகொண்டே இருப்பார்கள். சாந்தோம் பக்கம் தேவாலயத்தில் புனிதர்களுக்கு ஒரே தேதி, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையமாட்டார்கள். தர்காவில் உரூஸ் என்ற நினைவு விழா பிறையைப் பார்த்து வரும், வருடா வருடம் முன்னால் முன்னால் நகர்ந்து கோடையிலிருந்து குளிருக்கே போய்விடும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், "அப்ப ஒரே நாள்ல மூணு பேரும் சந்திச்சுக்குவாங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள். இத்தனையும் தெரிந்த நான், உன் அப்பாவின் திதியன்று ஐயரை வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பாயசத்தோடு சாப்பிட்டு, சாயங்காலம் டியூஷன்கூட எடுத்திருக்கிறேன். துக்கத்தை எல்லாம் ஆங்கிலத் தேதியில் போய் வைத்துக்கொண்டேன். தலைவர்களுக்கு நினைவு நாள் எழுதி எழுதிப் பழகிய கை. தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தபடியே போய்விட்ட உன் அப்பாவுக்கும் அப்படி ஒரு நாளை எழுதிக்கொண்டது. அவருக்கு வருடத்தில் இரண்டு நாள் ஆயிற்று, உனக்கு ஒரு நாள் குறைந்தது.

நீ போன் செய்த மறுநாள் உன்னிடம் சொல்லாமல் தி. நகருக்குப் போனேன். மாரிச்செல்வியின் அப்பாவைப் பார்த்து, வேறு ஏதாவது தேதி கிடைக்குமா என்று நானே கேட்டுவிடலாம் என்று. தை மாதம் வரை உங்கள் இருவரையும் எனக்காகக் காத்திருக்க வைப்பது எனக்கே பிடிக்கவில்லை, அந்தத் தேதிக்குச் சரி சொல்லவும் நாக்கு எழவில்லை. சம்பந்தி தம் ஜவுளிக் கடையின் கல்லாவில் இருந்தார். கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்க மதினி. என்ன இம்புட்டு தூரம், ஒரு போன் அடிச்சா நான் வந்திருக்க மாட்டேனா?" என்று மாடியில் பட்டுப் புடவைப் பிரிவில் ஓர் ஓரமாக உட்கார வைத்தார். தேதியைப் பற்றி ஆரம்பித்தேன். அவருக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது, நீ சொல்லியிருக்கவில்லை. "அதை விட்டா புரட்டாசி வந்துரும், ஐப்பசில எனக்குத் தீபாவளி யாவாரம். மழை வேற. விருந்தாளிய எல்லாம் படகுலதான் கூட்டிட்டு வரணும்" என்றார். "ஒங்க வீட்டுல தொங்குறது நம்ம கடைக் காலண்டர்தான? அதுல அன்னைக்குச் சுபமுகூர்த்தம்னு நாங்களே போட்டு ஊருக்கெல்லாம் குடுத்திருக்கோம். நாங்களே கல்யாணம் வைக்கலைன்னா ஊரு சிரிக்காதா?" என்று சிரித்தார்.

அது உன் அப்பா போன தேதி என்று பிறகுதான் சொன்னேன். அவர் சிரிப்பை அப்படியே நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "எங்கய்யா போன தேதி எனக்குத் தெரியாது மதினி. திதி தெரியும், அவ்வளவுதான். நீங்க படிச்சவுக, தேதிய மறக்க முடியாதுல்லா" என்றார். அது குத்தலாகச் சொன்னது இல்லை, நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னது. நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "மாத்திருவோம். தீபாவளி வருசா வருசம் வரும். பிள்ளைய ஒரு தடவைதான் கட்டிக் குடுக்கேன். அன்னைக்கு நீங்க மொகம் வாடி நின்னா எனக்குச் சோறு எறங்காது. மண்டபத்துக்காரன் நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் டயம் குடுத்திருக்கான், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். இறங்கி வரும்போது படி வரைக்கும் வந்தார். "மருமவப்பிள்ள இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. தேதி பிடிக்கலைன்னு மட்டும் சொல்லுச்சு. நான் ஏதோ மண்டபம் சின்னதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். என்னைக் காரணமாகச் சொல்லாமல் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் "கிழிஞ்சிடுச்சு" என்று சொன்ன அதே பிள்ளைதான்.

வீட்டுக்கு வந்து நாள் நோட்டை எடுத்தேன். அந்தத் தேதியின் பக்கத்தை நான் ஸ்டேப்லர் போட்டு அடுத்த பக்கத்தோடு சேர்த்து மூடி வைத்திருந்தது உனக்குத் தெரியாது. அப்பா போன வருடமே செய்தது; கன்னியம்மாவுக்காக நோட்டைத் திருப்பிய அன்றும் அதை மட்டும் பிரிக்கவில்லை. பள்ளியில் அந்த நாளில் நான் எப்போதும் விடுப்பு, அதனால் அந்தப் பக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. நாலு பின்கள், துருப்பிடித்து, கத்தி நுனியால்தான் எடுக்க வந்தன. பக்கத்தின் மேலே என் எழுத்தில் நான் எப்போதோ எழுதியவை இருந்தன. ஒரு விஞ்ஞானியின் பிறப்பு, ஒரு பாலம் திறந்தது, ஒரு தலைவரின் மறைவு. எல்லாவற்றுக்கும் கீழே, பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில் உன் அப்பாவின் கோணல் எழுத்து.

அவருக்கு இந்த விளையாட்டு உண்டு. நான் இல்லாத நேரம் என் நோட்டை எடுத்து, பெரிய மனிதர்களுக்கு நடுவே நம் வீட்டுச் சமாசாரங்களை நுழைத்துவிடுவார். 'இன்று டீச்சர் சாம்பாரில் உப்புப் போட மறந்த நாள்' என்று ஒரு பக்கத்தில் இருக்கும். எனக்குக் கோபம் வரும், இது பள்ளி நோட்டு என்பேன். "அதான் பென்சில்ல எழுதறேன். பேனாவுல எழுதினா சரித்திரம் ஆயிடும்ல?" என்பார். மூடி வைத்த பக்கத்தில் அவர் எழுதியிருந்ததை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்: 'இன்று வாஷிங் மெஷின் வந்தது. டீச்சர் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றினார். அது வந்த அட்டைப் பெட்டிக்குள் மகன் குடியேறிவிட்டான். மதியச் சாப்பாடும் உள்ளேயே. வெளியே வரமாட்டானாம். வாடகை கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.'

எனக்கு அந்த நாள் சுத்தமாக மறந்துபோயிருந்தது. படித்ததும் ஒவ்வொன்றாக வந்தது. உனக்கு ஐந்து வயது. பெட்டியில் அப்பா உனக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்தார். நீ அதன் வழியாகக் கையை நீட்டி அப்பளம் வாங்கிக்கொண்டாய். மெஷின் முதல் தடவை சுற்றும்போது சத்தம் கேட்டு நீ பெட்டியோடு நகர்ந்து ஓடப் பார்த்துக் கவிழ்ந்தாய். நான் சிரித்தேன். தனியாக, சமையலறையில், சத்தமாகத்தான் சிரித்திருக்க வேண்டும், எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். சிரித்து முடித்த பிறகு அழுதேன். அதையும் மறைக்கப்போவதில்லை. அது அவர் போனதற்கான அழுகை மட்டும் இல்லை. அவர் ஒரு முழு நாளை அந்தப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், நான் அவர் போன ஒரு காலை நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பின் போட்டு மூடிவிட்டேன். அந்த மீதியில் நீ இருந்தாய்.

மறுநாள் காலையிலேயே சம்பந்திக்குப் போன் செய்து, அந்தத் தேதியே இருக்கட்டும், மண்டபத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். "நெசமாத்தான் சொல்லுதியளா மதினி? எனக்காகச் சொல்லாதிய" என்றார். வாஷிங் மெஷின் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "வாடகை குடுத்தாரா மருமவன்?" என்று கேட்டார். உனக்கு அன்று சாயங்காலம் தேதி உறுதி என்று மட்டும் அவர்கள் சொல்லியிருப்பார்கள். "அம்மா, நிஜமாவா?" என்று மூன்று தடவை நீ கேட்டபோது, ஆமாம் என்பதற்கு மேல் என்னால் போனில் பேச முடியவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அன்று காலையில் நான் ஒரு வினாடி கூடக் கலங்கமாட்டேன் என்று உனக்கு உறுதி கொடுக்க முடியாது. தாலி கட்டும்போது பக்கத்தில் அவர் நிற்கவேண்டிய இடத்தை நான் பார்த்துவிடுவேன். நீயும் பார்ப்பாய். அப்போது என் முகத்தைப் பார்த்து உடனே எதையாவது கிழித்து ஒளிக்க ஓடாதே. அம்மாவுக்குத் துக்கம் வந்தால் அது வந்துவிட்டுப் போகட்டும், அதைத் தடுப்பது உன் வேலை இல்லை. பத்து வயதிலிருந்து அந்த வேலையை உனக்கு நான் கொடுத்து வைத்திருந்தேன், சம்பளமும் இல்லாமல் திட்டும் வாங்கிக்கொண்டு செய்தாய். இன்றோடு உனக்கு அதிலிருந்து ஓய்வு. நாளைக்கு மாரிச்செல்விக்கும் உனக்கும் நடுவே இப்படி ஒரு நாள் வரும், யாருக்குத்தான் வராது. அப்போது ஒருவர் முகத்துக்காக இன்னொருவர் பேசாமல் விலகி நடக்காதீர்கள். "இன்னைக்கு எனக்கு இந்த நாள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால் நீ சாதிக் வீட்டுக்குப் போய்விட்டு வந்து எனக்குக் கொஞ்சம் சேமியா கொண்டு வந்திருப்பாய். அவ்வளவுதான் விஷயம். சாதிக்குக்குப் பத்திரிகை வைக்க நானே போகிறேன். அன்று அவன் பிறந்த நாளும் ஆயிற்றே, மண்டபத்தில் கேக் ஒன்றுக்கும் சொல்லியிருக்கிறேன். சம்பந்தி முதலில் முழித்தார், பிறகு, "முட்டை இல்லாததா சொல்லுங்க, எங்கம்மா தொடமாட்டா" என்றார்.

சோற்றுப் பருக்கையால் ஒட்டிய அந்தப் பழைய தாளைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஆமாம், வைத்திருந்தேன், தூக்கிப் போடவில்லை. நாலு மடிப்பும் அப்படியே இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் முதல் வரியை நான் பென்சிலில் எழுதிவிட்டேன்: 'இன்று வாஷிங் மெஷின் வந்தது.' உன் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில், காப்பி குடித்ததும், அதற்குக் கீழே உன் வரியை எழுது. பேனாவால் எழுது.